ஒன்பதாவது கத்தரி

பங்கஜத்துக்கு ஓட்டை விழுந்த எதையும் பார்க்கச் சகிக்காது, சல்லடையைத் தவிர. கொசுவலையில் ஒரு கிழிசல் கண்ணில் பட்டால் அன்றைக்கே ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுவாள். பழைய வேஷ்டி, தலையணை உறை, வாசல் மிதியடி என்று அவள் கைபட்டுத் தையல் வாங்காத பொருள் அந்த மயிலாப்பூர் வீட்டில் கிடையாது. அப்பேர்ப்பட்டவளின் மொட்டை மாடிக்கு, இலையில் ஓட்டை போடுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒரு வண்டும், அந்த வண்டை ஆராய்ந்து பட்டம் வாங்கப்போகும் ஒரு மருமகளும் வந்து சேர்ந்தார்கள் என்றால் என்ன செய்வது?

மருமகள் பெயர் ஷண்முகப்ரியா. தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கும் இசக்கிமுத்துவின் மூத்த மகள். பங்கஜத்தின் ஒரே பிள்ளை ஸ்ரீஹரியும் அவளும் படிக்கிற காலத்திலேயே பழகி, இரண்டு வீட்டுக்காரர்களும் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு ஒருவழியாக இறக்கி வைத்து நடந்த கல்யாணம். ஒன்றரை வருஷம் ஆகிறது. பிரியா மாமியாரை ‘அத்தை’ என்பாள். பங்கஜத்தின் வழக்கத்தில் அத்தை என்றால் அப்பாவோடு கூடப்பிறந்தவள். முதலில் யாரோ வேறு ஒருத்தியைக் கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. போகப்போகப் பழகிவிட்டது.

பழகாத விஷயம் ஒன்று உண்டு. கல்யாணமான முதல் மாதம், ஒருநாள் சமையலறையில் நின்றுகொண்டு பங்கஜம் பிள்ளையிடம் கேட்டாள்: “கல்யாணமும் ஆயிடுத்து. இன்னும் எதுக்குடா இந்தப் பூச்சி ஆராய்ச்சியெல்லாம்?” அடுத்த அறையில் பிரியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிற சத்தம் சட்டென்று நின்றது பங்கஜத்தின் காதில் விழுந்தது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள். அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, இவளும் பேசவில்லை. அன்றிலிருந்து பிரியா இந்த வீட்டில் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. காப்பி ஆறிப்போயிருந்தாலும் “நல்லா இருக்கு அத்தை”தான். விருந்துக்கு வந்தவள்கூட இவ்வளவு மரியாதையாக இருக்கமாட்டாள்.

வண்டு விஷயத்துக்கு வருவோம். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். செங்கல் நிற முதுகு, அதில் இருபத்தெட்டுக் கறுப்புப் புள்ளி. கத்தரி, சுண்டைக்காய், மணத்தக்காளி எல்லாமே ஒரே குடும்பத்துச் செடிகளாம். ஆனால் மூன்றையும் முன்னால் வைத்தால் இந்த வண்டு எதை முதலில் தின்னும், எதைப் பசித்தால் தின்னும், எதைப் பட்டினி கிடந்தாலும் தொடாது என்பதுதான் பிரியாவின் ஆராய்ச்சி. அடையாறில் அவள் படிக்கிற கல்லூரியில் செடி வளர்க்கும் இடத்தை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் செடிகள் வீட்டு மாடிக்கு வந்தன. எட்டுக் கத்தரி, ஆறு சுண்டை, ஆறு மணத்தக்காளி. எல்லாவற்றுக்கும் எண் எழுதிய சீட்டு. செவ்வாயும் வெள்ளியும் காலையில் பிரியா இலை பறித்து, ஈரத்துணியில் சுற்றி, ஸ்கூட்டரில் அடையாறுக்குக் கொண்டுபோவாள். அங்கே இலைகளைப் பொட்டு அளவுக்கு வட்டு வட்டாக வெட்டி, கண்ணாடித் தட்டில் பந்தி மாதிரி வரிசையாக வைத்து, ஒருநாள் பட்டினி போட்ட வண்டை நடுவில் விட்டு மூடிவிடுவாள். மறுநாள் எந்த வட்டு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கிராஃப் தாளில் வைத்துக் கட்டம் எண்ணுவாள்.

செடிகள் வந்த அன்று அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “அத்தை, தண்ணி ஊத்தினாப் போதும். மருந்து மட்டும் அடிச்சிராதீங்க.”

“நான் எதுக்குடி மருந்து அடிக்கப்போறேன்?” என்றாள் பங்கஜம். சத்தியமாக அடிக்கவில்லை. அதில் யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

தை மாதம் பிரியாவின் தங்கைக்கு வடபழனியில் கல்யாணம். பத்து நாள் தி. நகரிலேயே தங்கிவிட்டாள். மாடிக்குத் தண்ணீர் ஊற்றப் போன பங்கஜம் கத்தரிச் செடியைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். எங்கிருந்தோ பறந்து வந்த வண்டுகள், கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாதிரி எட்டுத் தொட்டியிலும் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. நரம்பு மட்டும் மிச்சம். இந்தப் பெண் திரும்பி வரும்போது இலை என்று எதைப் பறிப்பாள்?

கே.கே. நகரில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை இவளை ஒரு மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். அங்கே தினம் யாராவது ஒருத்தர் போடும் வைத்தியம்: புளித்த மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளித்தால் பூச்சி அண்டாது, செடியும் பூரிக்கும். மோரும் பெருங்காயமும் பங்கஜத்தின் வீட்டில் இல்லாமல் போகுமா? மூன்று நாள் மோரைப் புளிக்க வைத்து, துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, பெருங்காயத்தைக் கண்ணளவாகப் போட்டு, எட்டுக் கத்தரிக்கும் பூப்போலத் தெளித்தாள். சுண்டைக்குத் தெளிக்கவில்லை. முள்ளும் அதுவுமாக அது பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டாள்.

பிரியா திரும்பி வந்தபோது கத்தரி தளதளவென்று துளிர்த்திருந்தது. “அத்தை! செடி எப்படித் தேறிடுச்சு பாருங்க!” என்று அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே பங்கஜம் திங்களும் வியாழனும் சாயங்காலம் விடாமல் தெளித்தாள். சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு நீட்டுகிற மோரை யாராவது மருந்து என்பார்களா? பெருங்காய வாசனையை வைத்துப் பிரியா கண்டுபிடித்திருக்கலாமே என்றால், அந்த வீட்டில் எதில்தான் பெருங்காய வாசனை இல்லை? துண்டில், திரைச்சீலையில், ஸ்ரீஹரியின் ஆபீஸ் பையில்கூட இருக்கும். வந்த புதிதில் பிரியாவின் மூக்கு சுளித்தது. இப்போது அந்த மூக்கும் இந்த வீட்டு மூக்காகிவிட்டது.

பங்குனி பிறந்தது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் பிரியா துள்ளிக்கொண்டு வந்தாள். கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கம், அதில் அவள் பேசப்போகிறாள். வெள்ளிக்கிழமை ரயில். மாமியாரையும் கணவனையும் சோபாவில் உட்கார வைத்து, மடிக்கணினியைத் திறந்து, தமிழிலேயே பேசிக் காட்டினாள்.

“எல்லா ஊர்லயும் இந்த வண்டுக்கு மொத சாய்ஸ் கத்தரிதான். எனக்கும் ஜனவரி வரைக்கும் அப்படித்தான் வந்துச்சு. பிப்ரவரியிலேருந்து பாருங்க...” திரையில் ஒரு கோடு செங்குத்தாக இறங்கியது, இன்னொன்று ஏறியது. “கத்தரியைத் தொடவே மாட்டேங்குது! சுண்டை இலையைப் போட்டி போட்டுத் திங்குது. தொடர்ந்து ஏழு வாரம்! ருசியையே மாத்திக்கிச்சு. மிக்கேல் சார் தூங்கவே இல்லையாம். நாளைக்கு அஞ்சு மணிக்குக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பறோம்.”

மிக்கேல் சார் என்பவர் அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர். ஸ்ரீஹரி கை தட்டினான். பங்கஜமும் தட்டினாள். இரண்டு தட்டுத் தட்டியபின் கை நின்றுவிட்டது. பிப்ரவரி. ஏழு வாரம். விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியமே இல்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தனக்கு மோர் விட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பிரியா கிளம்பியதும் மாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு உடைந்த பக்கெட் கிடக்கும். அதில் எப்போதோ விழுந்த விதையிலிருந்து தானாக முளைத்த கத்தரி ஒன்று. அதற்கு எண்ணும் இல்லை, சீட்டும் இல்லை. பிரியா அதைக் கணக்கில் சேர்த்ததில்லை, பங்கஜமும் மோர் தெளித்ததில்லை. இப்போது எட்டிப் பார்த்தால் அந்த ஒற்றைச் செடி சல்லடையாகக் கிடந்தது. இலைக்கு நாலு வண்டு. அங்கிருந்து பத்தடியில் எட்டுக் கத்தரியும் வெயிலில் மினுமினுத்துக்கொண்டு நின்றன. ஒரு வண்டு இல்லை.

‘ருசி எங்கே மாறித்து? நான்னா மாத்தினேன்’ என்று வாய்விட்டே சொன்னாள்.

இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. அடுக்களைக்கு வந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தாள். இசக்கிமுத்து சீராகக் கொடுத்த தட்டு, விளிம்பில் ‘ஷண்முகப்ரியா’ என்று பெயர் வெட்டியது. ஈரக் காகிதத்தை விரித்து, ஒரு பக்கம் மோர்க் கத்தரி இலை, ஒரு பக்கம் சுண்டை இலை, ஒரு பக்கம் அந்த ஒன்பதாவது கத்தரியில் மிச்சமிருந்த ஒரே நல்ல இலை. நடுவில் மூன்று வண்டை விட்டு மாவுச் சல்லடையைக் கவிழ்த்து மூடினாள். சல்லடைக்குள் எட்டிப் பார்ப்பதும், அடுப்பைப் பார்ப்பதும், மறுபடி எட்டிப் பார்ப்பதுமாகப் பொழுது போனது. ரசம் பொங்கி வழிந்தது. மத்தியானம் மூன்று மணிக்குத் திறந்தபோது ஒன்பதாவது கத்தரி இலை நரம்பாகிவிட்டிருந்தது. மூன்றும் அதன்மேல்தான் இருந்தன. சுண்டை விளிம்பில் ஒரு கடி. மோர்க் கத்தரி பறித்து வைத்தது வைத்தபடியே.

பங்கஜம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சொன்னால் என்ன ஆகும்? அந்தப் பெண்ணின் ஏழு வாரம் போகும். கோயம்புத்தூர் போகும். அது மட்டுமா? அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தை எழுந்து வந்து நடுவில் நிற்கும். பூச்சி ஆராய்ச்சி எதற்கு என்று கேட்ட மாமியார், ஆராய்ச்சியையே கெடுத்துவிட்டாள் என்றுதான் யாருக்கும் தோன்றும். சம்பந்தி வீட்டில் தோன்றும், ஸ்ரீஹரிக்கே தோன்றலாம். சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது. இனி மோரை நிறுத்திவிட்டால் போதும், ஒருத்தருக்கும் தெரியாது. மணி மூன்றேகால் ஆயிற்று. பங்கஜம் எழுந்து முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு, தட்டையும் சல்லடையையும் ஒரு துண்டால் இறுக்கிக் கட்டினாள்.

தெருமுனை ஆட்டோக்காரர் டில்லிபாபு அவளைக் கோயிலுக்கும் டாக்டரிடமும் மட்டுமே கூட்டிப்போய்ப் பழக்கப்பட்டவர். “இன்னாம்மா, அடையாறா? மடியில இன்னா கீது, பலகாரமா?”

“வண்டு.”

“வண்டா! உசுரோடவா?”

“உசுரோடதான். சாப்டுண்டிருக்கு. நீ பள்ளம் பார்த்து ஓட்டுப்பா.”

டில்லிபாபு கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். “ஊர்ல அவனவன் நாயி, பூனைன்னு இட்டுக்கினு போறான். நீ வண்டை இட்டுக்கினு போறே. நடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அடையாறு வரை ஒரு குழியிலும் இறக்காமல் ஓட்டினார்.

கல்லூரி மாடி வராந்தாவில் பிரியா ஓடி வந்தாள். “அத்தை? என்னாச்சு? அவருக்கு ஏதாவது...”

“அவன் நன்னா இருக்கான். இதைப் பாரு.” பங்கஜம் வராந்தாச் சுவரில் தட்டை வைத்துத் துண்டை அவிழ்த்தாள். “இது உன்னோட கத்தரி. இது சுண்டை. இது தொட்டிக்குப் பின்னாடி தானா முளைச்ச கத்தரி.”

பிரியா தட்டைப் பார்த்தாள். விரலால் மோர்க் கத்தரி இலையைத் தொட்டு மூக்குக்குக் கொண்டுபோனாள். பங்கஜம் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக வண்டு பார்த்தவளுக்கு விளக்கம் வேண்டுமா?

“எப்பலேருந்து?”

“உன் தங்கை கல்யாணத்துலேருந்து. மோரும் பெருங்காயமும். திங்கள், வியாழன். மருந்துன்னு நான் நினைக்கவே இல்லைடி.”

பிரியா கத்தினாள். வராந்தாக் கோடியில் நின்ற மாணவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். “ஏழு வாரம் அத்தை! ஏழு வாரம் ஒவ்வொரு வட்டா வெச்சுக் கட்டம் எண்ணியிருக்கேன்! கண்ணு போச்சு எனக்கு! தண்ணி மட்டும்னு தமிழ்லதானே சொன்னேன்? எதுக்கு இந்தப் பூச்சி ஆராய்ச்சின்னு அன்னிக்கே கேட்டீங்களே, நான் அடுத்த ரூம்ல கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்!”

“தெரியும்” என்றாள் பங்கஜம். “நீ கேட்டேன்னு எனக்குத் தெரியும். சொன்னது தப்பு. அன்னிக்கே உன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும், வாய் வரலை. ஆனா மோர் தெளிச்சது அதுக்காக இல்லைடி. செடி ஓட்டையா இருந்தது. நீ வந்து பார்த்தா அழுவியேன்னுதான்.”

பிரியா கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு குரல் இறங்கிக் கேட்டாள்: “அப்ப ஏன் வந்தீங்க? பேசாம இருந்திருந்தா யாருக்கு அத்தை தெரியப்போகுது?”

“இதுக்குத் தெரியுமே” என்று பங்கஜம் வண்டைக் காட்டினாள். “நாளைக்கு வேற எங்கேயோ ஒரு பொண் உன் கட்டுரையைப் படிச்சுட்டு, இதே மாதிரி தட்டுல வெச்சுப் பார்ப்பா. அது நேரே கத்தரியண்ட போய் உட்கார்ந்துக்கும். அப்போ எல்லாரும் உன்னைன்னா கேப்பா?”

உள்ளேயிருந்து மிக்கேல் சார் வந்தார். கத்தல் கேட்டு வந்தவர், தட்டைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், முகர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: “செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை நீ பையைத் திறந்தா எனக்குச் சாம்பார் ஞாபகம் வரும்மா. சாப்பாட்டு டப்பான்னு நினைச்சுட்டேன். தப்பு என்னோடதும்தான்.” மணியைப் பார்த்தார். “அனுப்ப வேண்டாம். கோயம்புத்தூருக்கு நீ வரலைன்னு நான் எழுதிடறேன்.”

“நானே எழுதறேன் சார்” என்றாள் பிரியா.

எழுதி முடித்துவிட்டு வந்தவள் ஸ்கூட்டரைக் காட்டி “ஏறுங்க” என்றாள். பங்கஜம் தட்டை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். பாலம் ஏறி இறங்கி மயிலாப்பூர் வந்து சேர்ந்தார்கள். ஒன்று சொல்லவேண்டும். திட்டு வாங்கியது பங்கஜத்துக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. அதோடு கூடவே, ஒன்றரை வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்துபோன மாதிரியும் இருந்தது.

நாலு நாள் வீடு ஊமையாக இருந்தது. ஜூனில் முடியவேண்டிய ஆராய்ச்சி டிசம்பருக்குப் போயிற்று. ஸ்ரீஹரி இரண்டு பேருக்கும் நடுவில் உப்பையும் ஊறுகாயையும் நகர்த்திக்கொண்டு திண்டாடினான். ஐந்தாம் நாள் காலை பிரியா காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஆறிப்போச்சு அத்தை. சூடு பண்ணிக் குடுங்க.”

பங்கஜம் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சூடு பண்ணிக் கொடுத்தாள்.

“அந்த மோர் எத்தனை நாள் புளிச்சது? எழுதி வைக்கணும்.”

“மூணு நாள்.”

“பெருங்காயம் எவ்வளவு?”

“கண்ணளவுதான்.”

“கண்ணளவுன்னு எழுத முடியாது அத்தை” என்று பிரியா தலையில் கையை வைத்துக்கொண்டாள். ஆனால் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்ததைப் பங்கஜம் பார்த்துவிட்டாள்.

அன்றைக்கு மாடிக் கதவில் ஒரு நாற்பது பக்க நோட்டு, சணல் கயிற்றில் தொங்கியது. கூடவே ஒரு பேனா. முதல் பக்கத்தில் பிரியாவின் கையெழுத்து: ‘செடிகிட்ட யார் வந்தாலும் தேதி, மணி, என்ன செஞ்சீங்க, எழுதணும். எதையும் விடக் கூடாது.’ பழைய எட்டுக் கத்தரியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்றுகள் வைத்திருந்தாள். உடைந்த பக்கெட்டின்மேல் ‘9’ என்று சீட்டு ஒட்டியிருந்தது.

பங்கஜம் எழுத ஆரம்பித்தாள். ‘செவ்வாய், 6.40. ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர்.’ ‘புதன், 6.35. தண்ணீர். மணத்தக்காளியில் காக்காய் உட்கார்ந்தது, விரட்டினேன்.’ ‘வியாழன். தண்ணீர் ஊற்றவில்லை, மழை.’ அப்படியே மூன்று வாரம் ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை புதுக் கத்தரியில் ஒரு வண்டு வந்து உட்கார்ந்தது. இளம் இலை. கண்ணெதிரே விளிம்பிலிருந்து ஆரம்பித்து, சாவகாசமாக, ஓட்டை போட்டது. பங்கஜத்தின் கை தானாக நீண்டது. பாதி வழியில் அதை இழுத்துப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நோட்டுக்குப் போய் எழுதினாள்: ‘வெள்ளி, 6.50. மூன்றாம் நம்பர் கத்தரியில் ஒரு வண்டு. தின்கிறது. நான் ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.’

கீழே போய்க் குக்கர் வைத்துவிட்டு, மனசு கேட்காமல் மறுபடி ஏறி வந்தாள். அதற்குள் பிரியா இலை பறித்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். நோட்டில், பங்கஜத்தின் வரிக்குக் கீழே, அவசரக் கிறுக்கலில் புதிதாக ஒரு வரி இருந்தது: ‘புள்ளி எத்தனைன்னு எண்ணினீங்களா அத்தை?’

பங்கஜம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் நம்பர் தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் தடவை இருபத்தாறு வந்தது. வண்டு நகர்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். கீழே குக்கர் நாலாவது விசில் அடித்தது, அவள் எழுந்திருக்கவில்லை. இருபத்தெட்டு. அவள் எண்ணி முடிக்கிறவரை அது தின்றுகொண்டேதான் இருந்தது.